போஸ்டிங் வார்டில் ஃபீட்பேக்: மாணவர்களும் ஸ்டாஃப் நர்ஸ்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை

முதலில் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ், பிறகு நர்ஸிங் மாணவர்களைப் போஸ்டிங்குக்கு, அதாவது வார்டில் வேலை பழக, கூட்டிப்போகும் இன்ஸ்ட்ரக்டர். இரண்டு வேலையிலும் என் காதில் விழுந்த சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். டிரெஸ்ஸிங் ட்ரே அடுக்கும்போது ஒருத்தி கேட்பாள், உடை மாற்றும் அறையில் இன்னொருவர் அதையே கேட்பார். வாய்வலிக்கச் சொல்லியாயிற்று என்பதால் எழுதிவைக்கிறேன்.

பாதி மாணவர்கள் கேட்டவை, பாதி நர்ஸ்கள் கேட்டவை. யார் கேட்டது என்று கேள்வியைப் படித்தாலே தெரியும். கேட்டவர்களின் பேச்சை அப்படியே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுப் பேசும், அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. ஃபீட்பேக்னா என்ன? திட்டு வாங்கறதுக்கு நாகரிகமான பேரா?

சிரித்துக்கொண்டே கேட்ட கேள்வி, ஆனால் பல வார்டுகளில் அதுதான் நிலைமை. பாடத்தில் 'பின்னூட்டம்' என்று இருக்கும். வார்டில் அந்தச் சொல்லை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஒருவர் செய்ததை இன்னொருவர் கண்ணால் பார்த்து, பார்த்ததை அவரிடமே சொல்லி, அடுத்த தடவை எதை மாற்றுவது, எதை அப்படியே வைத்துக்கொள்வது என்று பேசுவதுதான் ஃபீட்பேக். 'கண்ணால் பார்த்து' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பார்க்காமல் சொல்வதற்குப் பெயர் அபிப்பிராயம்.

"நீ கவனமே இல்லாம வேலை செய்யறே" என்றால் திட்டு. "கஃப்பைச் சட்டைக் கைமேலயே சுத்தினே, அவர் கை கட்டிலுக்குக் கீழே தொங்கிட்டிருந்தது. கை இதய மட்டத்துக்குக் கீழே இருந்தா பிபி உள்ளதைவிட அதிகமாக் காட்டும். அடுத்தவருக்குக் கையைத் தலையணையில வெச்சு எடு" என்றால் ஃபீட்பேக். குரல் இரண்டிலும் ஒரே கடுப்பாக இருக்கலாம். ஆனால் இரண்டாவதைக் கேட்டவள் அடுத்த கட்டிலிலேயே மாற்றிச் செய்துவிடுவாள். முதலாவதைக் கேட்டவள் என்னத்தை மாற்றுவாள்?

2. மார்க் போடறதும் ஃபீட்பேக்கும் ஒண்ணுதானே?

இல்லை. மதிப்பீடு என்பது ஒரு நாளில் நின்று, இவர் தேறினாரா என்று தீர்ப்புச் சொல்வது. ஃபீட்பேக் தேறுவதற்கு வழி காட்டுவது, தீர்ப்புக்கு முன்னால் வருவது. மருத்துவக் கல்வியில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதியவர்களில் ஒருவர் ஜாக் எண்டே என்ற அமெரிக்க மருத்துவர், 1983-ல். ஃபீட்பேக் தகவலைக் கொடுக்க வேண்டும், தீர்ப்பை அல்ல என்பது அவர் வாதம்.

நடைமுறையில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், இரண்டையும் ஒரே ஆள் செய்யும்போது. மார்க் போடுகிறவரிடம் 'எனக்கு இது தெரியாது' என்று எந்த மாணவியும் வாய் திறக்க மாட்டாள். பிரிட்டனில் 2018-ல் வந்த புதிய விதிகள் வார்டில் கூடவே இருந்து வழிகாட்டுபவரையும் மதிப்பிடுபவரையும் இரண்டு தனி ஆட்களாகப் பிரித்தன. உங்கள் இடத்தில் அப்படிப் பிரிக்க வழியில்லை என்றால் வாயால் பிரித்துவிடுங்கள். "இன்னைக்கு மார்க் கிடையாது, தெரியாததையெல்லாம் கேளு" என்று காலையிலேயே சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும். சொன்னபின் அன்று கேட்ட கேள்வியை மனத்தில் வைத்துப் பின்னால் மார்க்கைக் குறைத்தீர்கள் என்றால், அடுத்த பேட்ச் வரைக்கும் செய்தி போய்ச் சேரும்.

3. போஸ்டிங் வந்து மூணு வாரம் ஆச்சு. யாரும் எனக்கு ஒண்ணுமே சொல்லல. அப்போ நான் சரியாத்தானே செய்யறேன்?

அப்படி எடுத்துக்கொள்ளாதே. யாரும் சொல்லவில்லை என்றால் பெரும்பாலும் யாரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள். முதல் வாரம் ஒருவர் கூட நின்று பார்ப்பார், 'இவ பரவாயில்லை' என்று முடிவு செய்தபின் தனியாக விட்டுவிடுவார்கள். சுமாராகச் செய்கிறவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. மோசமாகச் செய்கிறவளைத் திருத்த ஆள் வரும், பிரமாதமாகச் செய்கிறவளைப் பாராட்ட ஆள் வரும், நடுவில் இருப்பவள் பக்கம் யாரும் திரும்ப மாட்டார்கள்.

4. "நான் எப்படிப் பண்றேன் சிஸ்டர்?"னு கேட்டா "நல்லாப் பண்றே"ன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. வேற எப்படிக் கேக்கறது?

கேள்வி அகலமாக இருந்தால் பதில் மெல்லியதாகத்தான் வரும். குறுக்கிக் கேள். அதுவும் செய்வதற்கு முன்னாலேயே கேள். "சிஸ்டர், இப்போ டிரெஸ்ஸிங் பண்ணப் போறேன். கிளவுஸ் போட்டப்புறம் நான் எதையாவது தொட்டுடறேனான்னு மட்டும் பாருங்க" என்று சொன்னால் அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரிந்துவிடுகிறது. முடிந்ததும் பதில் தானாக வரும்: "ரெண்டாவது தடவை காஸ் துணி எடுக்கும்போது திரைச்சீலையை ஒதுக்கினே பாரு."

முடிந்தபிறகு கேட்கும் நிலைமை வந்தால் "ஒரே ஒரு விஷயம் மாத்தணும்னா எதை மாத்தச் சொல்வீங்க?" என்று கேள். 'ஒன்று' என்று அளவு சொன்னால் யோசிக்காமல் போக மாட்டார்கள். ஆண் நர்ஸ்களான பிரதர்களிடமும் இதே கதைதான், கேட்பதற்குக் கூச்சப்படாதே.

5. எப்போ கேக்கறது? எல்லாரும் எப்பவும் ஓடிக்கிட்டே இருக்காங்க.

ஒரு ஷிஃப்ட் அடுத்த ஷிஃப்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர் நேரம் வேண்டாம். மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது கண்டிப்பாக வேண்டாம். அந்த நேரத்தில் குறுக்கே பேசுவதே மருந்துத் தவறுக்கு ஒரு காரணம். கை வேலை ஓடும், மூளைக்கு வேலை குறைவு என்ற நேரங்கள் ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருக்கும்: படுக்கை மாற்றும்போது, டிராலி துடைக்கும்போது, நோயாளியை எக்ஸ்ரேக்கு விட்டுவிட்டுத் திரும்பி நடக்கும்போது. எனக்குக் கிடைத்த நல்ல ஃபீட்பேக்கில் பாதி லிஃப்டுக்குக் காத்திருந்தபோது கிடைத்தது.

6. நீங்க சொல்றது சரி, ஆனா எனக்கு என் வேலையே முடியல. இதுக்கு எங்கே நேரம்?

நேரம் இல்லை என்பது உண்மை. ஆட்குறைவு வார்டில் மாணவர்களைக் கூடுதல் கையாகத்தான் பார்க்கத் தோன்றும், அதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஃபீட்பேக் என்றால் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசுவது என்று ஒரு எண்ணம் இருக்கிறது, அதை விட்டுவிடலாம்.

நான் மாணவியாக இருந்தபோது நடந்தது. காலை வைட்டல்ஸ் (நாடி, மூச்சு, பிபி போன்றவை) எடுத்து சார்ட்டில் குறித்துக்கொண்டே போனேன். மூச்சு எண்ணிக்கை என்ற கட்டத்தில் எல்லோருக்கும் 18. எல்லோரும் அப்படித்தான் போடுவோம், யார் உட்கார்ந்து எண்ணுவது? ஒரு சிஸ்டர் சார்ட்டைப் புரட்டிவிட்டு, "என்னம்மா, வார்டே ஒரே மூச்சா விடுது?" என்றார். பிறகு என்னை ஏழாம் கட்டிலுக்குக் கூட்டிப்போய், நாடி பார்ப்பதுபோல நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கண்ணை மட்டும் அவர் நெஞ்சுக்குத் திருப்பச் சொன்னார். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும், அதற்காக அந்தக் கை. முழுதாக ஒரு நிமிடம் நாங்கள் இருவரும் பேசாமல் நின்றோம். 28. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பேனாவை மட்டும் நீட்டினார். நான் திருத்தி எழுதுவதற்குள் டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டார்.

செலவானது அந்த ஒரு நிமிடமும் கட்டில்வரை நடந்த நடையும். அதற்குப் பிறகு நான் எண்ணாமல் எழுதியதில்லை.

7. பேஷண்ட் முன்னாடியே திருத்தலாமா? அவமானமா இருக்காதா?

இரண்டு விதமாகப் பிரியுங்கள். இப்போது நிறுத்தாவிட்டால் நோயாளிக்குக் கேடு என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும், அவமானம் எல்லாம் பிறகு. கேடில்லை, இன்னும் நேர்த்தியாகச் செய்திருக்கலாம் அவ்வளவுதான் என்றால் கட்டிலைவிட்டு நகர்ந்தபின் சொல்லுங்கள்.

நிறுத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கேனுலா (நரம்பு வழியாக மருந்து ஏற்றும் சிறு குழாய்) போடும்போது மாணவி தோலைச் சுத்தம் செய்து உலரவிட்டபிறகு, நரம்பு எங்கே என்று விரலால் மறுபடி தடவுகிறாள். "ஐயோ, தொட்டுட்டியே!" என்று கத்தினால் ஊசிக்குக் காத்திருக்கும் மனிதர் கையை இழுத்துக்கொள்வார். "ஒரு நிமிஷம், நாம இன்னொரு ஸ்வாப் எடுத்துக்கலாம்" என்று 'நாம' போட்டுச் சொன்னால் போதும். அவளுக்கும் புரியும், நோயாளிக்கும் கவலை வராது. "நான் 'ஒரு நிமிஷம்'னு சொன்னா கையை அப்படியே நிறுத்திடு" என்று உள்ளே நுழையுமுன்பே பேசிவைத்துக்கொள்வது என் பழக்கம்.

8. முதல்ல ஒரு நல்லது, நடுவுல குறை, கடைசியில மறுபடி ஒரு நல்லது. அப்படித்தான் சொல்லணும்னு டிரெயினிங்ல சொன்னாங்களே?

எல்லா இடத்திலும் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. இரண்டு தடவை கேட்டதுமே மாணவர்கள் 'ஆனா' எப்போது வரும் என்று காத்திருக்கப் பழகிவிடுகிறார்கள், முன்னால் சொன்ன நல்லது காதில் ஏறுவதே இல்லை. இன்னொரு வகை மாணவி முதலும் கடைசியுமாக வந்த பாராட்டை மட்டும் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போய்விடுவாள்.

நான் செய்வது, அவளையே முதலில் பேசவிடுவது. "எது நல்லா வந்துச்சு? எது கையில சிக்கிச்சு?" பத்தில் ஏழு தடவை நான் சொல்ல நினைத்ததை அவளே சொல்லிவிடுவாள், பெரும்பாலும் என்னைவிடக் கடுமையாக. அவள் சொல்லாமல் விட்டது மட்டும்தான் என் பங்கு. ஒன்று மட்டும்: அவள் பேசி முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அது வர ரொம்ப நாளாயிற்று.

9. பாராட்டறதும் ஃபீட்பேக்தானா?

எதைப் பாராட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. 'கெட்டிக்காரி', 'வெரி குட்' எல்லாம் காதுக்கு இனிமை. "டிரெஸ்ஸிங் பிரிக்கறதுக்கு முன்னாடியே வலி மருந்து எப்போ கொடுத்தாங்கன்னு சார்ட்டைப் பார்த்தே, அது ரொம்பச் சரி" என்பது ஃபீட்பேக். அவள் தற்செயலாகச் செய்திருக்கலாம். நீங்கள் சொன்னபிறகு வேண்டுமென்றே செய்வாள்.

இதற்கு ஆராய்ச்சியும் இருக்கிறது. 1996-ல் குளூகர், டினீசி என்ற இருவர் பல துறைகளில் ஃபீட்பேக் பற்றி நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் ஃபீட்பேக் கிடைத்தபின் வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. கேட்பவரின் கவனம் வேலையைவிட்டு 'நான் எப்படிப்பட்டவள்' என்ற பக்கம் திரும்பினால் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆளைத் திட்டினாலும் சரி, ஆளைப் புகழ்ந்தாலும் சரி, அந்தப் பள்ளத்தில்தான் விழுகிறோம்.

10. எனக்கு வேலை தெரியும், ஆனா அவ என்ன தப்புப் பண்றான்னு சொல்ல வார்த்தை வர மாட்டேங்குது. பார்த்தா சரியில்லைன்னு மட்டும் தெரியுது.

அனுபவசாலிகள்தான் இதைக் கேட்பார்கள், அவர்கள் கேட்பதில் வியப்பும் இல்லை. நர்ஸ்கள் வேலை கற்றுக்கொள்வதை 1984-ல் பாட்ரிசியா பென்னர் 5 படிகளாகப் பிரித்து விளக்கினார். அடிப்படியில் இருப்பவர் விதியைப் பிடித்துக்கொண்டு நடப்பார். உச்சியில் இருப்பவருக்கு விதி தேவைப்படாது, நோயாளியைப் பார்த்ததும் கை போகவேண்டிய இடத்துக்குப் போகும். அந்தக் கையை வார்த்தையாக்கச் சொன்னால் திணறுவார்.

இரண்டு வழி சொல்கிறேன். அதையே நீங்கள் ஒருமுறை மெதுவாகச் செய்து காட்டுங்கள், செய்யும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு. எந்த இடத்தில் அவள் வேறாகச் செய்தாள் என்பது உங்களுக்கே அப்போது பிடிபடும். அல்லது, போன வருடம் படித்து முடித்த ஜூனியர் ஸ்டாஃபைக் கூட நிற்கச் சொல்லுங்கள். அவருக்கு அந்த விதிகள் இன்னும் மறந்திருக்காது.

11. ஒரு சிஸ்டர் ஒரு மாதிரி சொல்றாங்க, நைட் டியூட்டி சிஸ்டர் வேற மாதிரி சொல்றாங்க. யார் பேச்சைக் கேக்கறது?

நான் மிக அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். சொன்னதில் எது கோட்பாடு, எது பழக்கம் என்று பிரித்துப் பார். ட்ரேயை வலப்பக்கம் வை, இடப்பக்கம் வை என்பது பழக்கம். யாருடன் வேலை செய்கிறாயோ அவர் பழக்கத்துக்கு ஒத்துப்போ, நஷ்டமில்லை. ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) பொருளுக்கு மேலே கை நீட்டாதே, சுத்தமான பக்கத்திலிருந்து அசுத்தமான பக்கத்துக்குத் துடை என்பவை கோட்பாடு. அதில் ஆளுக்கொரு வழி கிடையாது.

எது எது என்று தெரியவில்லை என்றால் "இதுக்குக் காரணம் என்ன சிஸ்டர்?" என்று கேள். காரணம் வந்தால் எழுதிக்கொள். "நாங்க இப்படித்தான் பண்ணுவோம்" என்று வந்தால் அது அனேகமாகப் பழக்கம். அப்போதும் தீரவில்லை என்றால் வார்டின் எழுத்துவடிவ நெறிமுறையை எடுத்துப் பார், அதுவே கடைசிச் சொல். ஆனால் "அந்த சிஸ்டர் வேற மாதிரி சொன்னாங்களே" என்று மட்டும் ஆரம்பிக்காதே. கேள்வி டிரெஸ்ஸிங்கைப் பற்றி இல்லாமல் இரண்டு பேருக்கு நடுவிலான பழைய கணக்காகிவிடும்.

12. ஒரே தப்பை மூணாவது தடவை பண்றா. இன்னும் எப்படித்தான் சொல்றது?

மூன்று தடவை சொல்லியும் நடக்கவில்லை என்றால் நாலாவது தடவை சத்தமாகச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. அவளுக்குத் தெரியாதா, தெரிந்தும் கை வரவில்லையா, இல்லை செய்யவிடாமல் ஏதோ தடுக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும்.

என்னிடம் ஒரு மாணவி இருந்தாள். மருந்தை சிரிஞ்சில் ஏற்றிவிட்டு லேபிள் ஒட்டாமலே ட்ரேயில் வைப்பாள். கேட்டால் ஏன் ஒட்ட வேண்டும் என்று அழகாக ஒப்பிப்பாள். மூன்றாம் முறை நான் எதுவும் சொல்லாமல், "நீ செய்யறதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்" என்றேன். ஆம்பூலை உடைத்தாள், ஏற்றினாள், "இப்போ லேபிள்" என்றாள், சுற்றும்முற்றும் பார்த்தாள். லேபிள் சுருள் இருந்தது நர்ஸிங் ஸ்டேஷனின் மறுகோடியில், இழுப்பறைக்குள். எடுக்கப் போனால் ஏற்றிய மருந்தை விட்டுவிட்டுப் போக வேண்டும், அதற்கும் திட்டு விழும். சுருளை மருந்து ட்ரேயிலேயே வைத்தோம், அன்றோடு பிரச்சினை தீர்ந்தது. அந்த இழுப்பறைப் பிரச்சினை ஸ்டாஃபுக்கும் இருந்தது என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

13. சொல்லும்போதே அழுதுட்டா. நான் ஒண்ணும் பெரிசாச் சொல்லலையே!

அழுகை நீங்கள் சொன்னதற்காகத்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரவு ஷிஃப்ட் முடிந்திருக்கலாம், பசித்திருக்கலாம், அன்று அவள் பார்த்துக்கொண்ட நோயாளி இறந்திருக்கலாம். மரணம் நடந்த நாளில், மறுநாள் வரை பொறுக்கக்கூடிய ஃபீட்பேக் எதையும் நான் சொல்வதில்லை.

அழுதால் நிறுத்துங்கள், தனியாக உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள். சொன்னதைத் திரும்பப் பெறாதீர்கள். "பரவாயில்ல விடு, அது ஒண்ணும் பெரிய தப்பில்ல" என்று பூசி மெழுகினால் அவள் தவறு தவறாகவே இருந்துவிடும். மறுநாள் அதே விஷயத்தை, அதே அளவில் மறுபடி பேசுங்கள். 'அவகிட்ட எதுவும் சொல்லாதீங்க, அழுதுடுவா' என்ற பெயர் மட்டும் வார்டில் பரவவே கூடாது. பரவினால் மூன்றாம் கேள்வியில் சொன்ன நிலைமைதான், யாரும் அவளைப் பார்க்க மாட்டார்கள்.

14. எல்லார் முன்னாடியும் "நீயெல்லாம் ஏன் இந்தப் படிப்புக்கு வந்தே"ன்னு கேட்டாங்க. இதுவும் ஃபீட்பேக்தானா?

இல்லை. அதில் பார்த்தது எதுவும் இல்லை, அடுத்த தடவை செய்வதற்கும் எதுவும் இல்லை. ஆனாலும் ஆறினபிறகு ஒருமுறை யோசித்துப் பார். அந்தப் பேச்சு எந்த வேலையின்போது வந்தது? அந்த வேலையில் உண்மையாகவே ஒரு பிழை இருந்ததா? இருந்தால் அதைத் தனியாக உருவி எடுத்து உன் இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டுத் திருத்திக்கொள். மீதியைச் சுமக்க வேண்டிய கடமை உனக்கு இல்லை.

ஒருமுறை வந்தால் அவருக்கும் மோசமான நாள் என்று விடலாம். திரும்பத் திரும்ப நடந்தால், பட்டப்பெயர் வைத்தால், உன் பயிற்சி ரெக்கார்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மிரட்டினால், அது கொடுமைப்படுத்தல். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர் யார் என்று அன்றைக்கே எழுதிவைத்து கல்லூரியில் கொடு. 'மோசமாப் பேசறாங்க' என்று பொதுவாகப் போனால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இதை ஸ்டாஃபும் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை: 'ஏய் ஸ்டூடண்ட்' என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். சட்டையில் பெயர் குத்தியிருக்கிறது.

15. சீனியர் சிஸ்டர் ஒரு பேஷண்ட்கிட்டே இருந்து இன்னொருத்தர்கிட்டே கை சுத்தம் பண்ணாமப் போறதைப் பார்த்தேன். நான் ஸ்டூடண்ட், சொல்லலாமா?

சொல்லலாம், சொல்ல வேண்டும், ஆனால் எப்படி என்பதில் சாமர்த்தியம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் கை சுத்தத்துக்குச் சொல்லும் 5 தருணங்களில் நோயாளியைத் தொடுமுன் ஒன்று, தொட்டபின் ஒன்று. அவருக்கு இது தெரியாமல் இல்லை, அவசரம். அதனால் பாடம் எடுக்காதே. கை சுத்தம் செய்யும் ரப் பாட்டிலை எடுத்து உன் கையில் ஊற்றிக்கொண்டு, "சிஸ்டர், உங்களுக்கு?" என்று நீட்டு. 20, 30 நொடி வேலை. இப்படி நீட்டியதற்காகக் கோபப்பட்டவரை நான் பார்த்ததில்லை.

மருந்து மாறுகிறது, ஆள் மாறுகிறது போன்ற ஆபத்து என்றால் சாமர்த்தியத்துக்கு நேரமில்லை. பல மருத்துவமனைகளில் மூன்று படிகளாகச் சொல்லித்தருகிறார்கள். முதலில் "சிஸ்டர், எனக்குக் கவலையா இருக்கு, சார்ட்டில் வேற டோஸ் இருக்கு." கேட்கவில்லை என்றால் "எனக்கு இது சரியாப் படல, ஒரு தடவை சேர்ந்து பார்த்துடலாமா?" அப்போதும் கை நிற்கவில்லை என்றால் "இது பாதுகாப்பில்லை, நிறுத்துங்க." நீ தப்பாகப் பார்த்திருந்தால் நஷ்டம் ஒரு நிமிடமும் கொஞ்சம் வெட்கமும்தான்.

16. சிஸ்டர் சொன்னது தப்புன்னு எனக்குத் தோணுது. ஆனாலும் தலையாட்டிட்டு வரணுமா?

தலையாட்டிவிட்டு வந்து விடுதியில் பொருமுவதுதான் வழக்கம். அதைவிட, அவர் என்ன பார்த்தார் என்று கேள். "எப்போ அப்படித் தெரிஞ்சுது சிஸ்டர்?" பல தடவை அவர் பார்த்ததும் நடந்ததும் வேறுவேறாக இருக்கும். நீ நோயாளியுடன் பேசாமல் நின்றதைப் பார்த்திருப்பார். நோயாளி தூங்கிக்கொண்டிருந்தது சிஸ்டருக்குத் தெரிந்திருக்காது. அதை விளக்கலாம், ஒரே வாக்கியத்தில். இரண்டாவது வாக்கியத்துக்குப் போனால் சாக்குப்போக்குபோல ஒலிக்க ஆரம்பிக்கும்.

17. வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டாப் போதாதா? எல்லாருக்கும் ஒரே நேரத்துல போயிடும்.

போதாது. ஒருத்தியின் பிழையை முப்பது பேர் படிப்பார்கள், நோயாளி பற்றிய விவரமும் கூடவே கசியும். நாளைக்கு எத்தனை மணிக்கு வார்டில் இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் குரூப்.

18. ரெக்கார்டில் என்ன எழுதறது? எல்லாருக்கும் 'திருப்திகரம்'னு போட்டுக் கையெழுத்துப் போடறோம்.

அது நான் எல்லோருக்கும் போட்ட 18 மாதிரிதான். ஆறு கட்டத்திலும் 'திருப்திகரம்' என்றிருந்தால் அடுத்த வார்டில் அவளை வாங்குகிறவருக்கு எதுவும் தெரியாது, திரும்பவும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். இரண்டு வரி போதும்: "இன்சுலின் தனியாக ஏற்றுகிறார், அளவு சரி. நோயாளியின் அடையாளப் பட்டையைப் பார்க்க நினைவூட்ட வேண்டியிருக்கிறது." வாயால் அவளிடம் சொல்லாத எதையும் எழுத்தில் போடாதீர்கள். முதல்முறை அதை ரெக்கார்டில்தான் படிக்கிறாள் என்றால் அது பின்னாலிருந்து குத்துவது.

19. இவ தேற மாட்டான்னு தெரியுது. ஆனா ஃபெயில் போட மனசு வரல. நல்ல பொண்ணு, வீட்டுல கஷ்டம்.

இது உலகம் முழுக்க இருக்கும் தலைவலி. 2003-ல் ஸ்காட்லாந்தில் கேத்லீன் டஃபி செய்த ஆய்வில், திறமை போதாத மாணவர்களையும் வழிகாட்டி நர்ஸ்கள் தேறவிட்டுவிடுவது வெளிவந்தது. சந்தேகத்தின் பலனை மாணவருக்குக் கொடுத்துவிடுவது, சிக்கலைக் காலம் கடந்தபின் எழுப்புவது என்று காரணங்கள் அப்படியே நம் வார்டில் கேட்பவைதான்.

மனசு வராததற்கு இரக்கம் மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். இரண்டாம் வாரத்தில் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டிருப்போம், கடைசி நாளில் ஃபெயில் போட்டால் "முன்னாடியே ஏன் சொல்லல?" என்று கேட்பாளே என்ற குற்ற உணர்ச்சியும் அதில் இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்றால் தவறு பாதி நம்முடையது. அதனால் பாதிப் போஸ்டிங்கிலேயே உட்கார்ந்து, எது எது போதவில்லை, எந்தத் தேதிக்குள் எது வர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், கல்லூரிக்கும் சொல்லுங்கள். அப்படிச் செய்தும் வரவில்லை என்றால் ஃபெயில் போடுங்கள். வீட்டுக் கஷ்டத்துக்குக் கல்லூரியில் வேறு உதவி கேட்கலாம், மருந்து டோஸில் அதைக் கழிக்க முடியாது.

20. எங்ககிட்டே இருந்து உங்களுக்கு ஃபீட்பேக் வேணும்னு சொல்றீங்க. நிஜமாவே சொன்னா ஏத்துப்பீங்களா?

எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். ரெக்கார்டில் கையெழுத்து வாங்க வேண்டியவரிடம் நேரில் குறை சொல்வது முட்டாள்தனம் என்று நினைத்தால், அதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் கையெழுத்தெல்லாம் முடிந்த மறுநாள், பெயர் போடாத சீட்டில் எழுதி வாங்குகிறேன். நாலாம் கேள்வியில் சொன்ன குறுக்கும் வேலை இங்கும் உண்டு. 'என்னைப் பற்றி எழுதுங்கள்' என்று கேட்டபோது 'சிஸ்டர் ரொம்ப நல்லவங்க' என்று வந்தது. 'நான் செய்துகாட்டியதில் உங்களுக்குப் பார்க்க முடியாமல் போனது எது?' என்று கேட்டபோதுதான் சரக்கு வந்தது.

அதில் ஒரு சீட்டு: "நீங்க மருந்து கலக்கும்போது எங்களுக்கு உங்க முதுகுதான் தெரியுது." எத்தனை பேட்ச் அந்த முதுகைப் பார்த்துவிட்டுப் போயிருக்கும் என்று தெரியவில்லை. இப்போது டிராலிக்குப் பக்கவாட்டில் நின்று கலக்குகிறேன். முழங்கை அலமாரிக் கதவில் இடிக்கிறது, இன்னும் பழகவில்லை.